குளத்தில் தண்ணீர் எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரி கடைசி வாரத்தில் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், எங்கள் பகுதிக் குளங்களுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வரத்து பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்திருந்தது. படித்த அன்றே பதில் எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். ஆனால் தபாலில் சேர்க்கவில்லை. குளத்துத் தண்ணீர் இறங்கட்டும், இறங்கிய பிறகு என்னென்ன வருகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று பொறுத்திருந்தேன். ஆறு வாரம் பார்த்தாகிவிட்டது. பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் என்னும் தென்புறக் கால்வாயில் தண்ணீர் வாங்கும் ஒரு கிராமத்துக்காரி. எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டுகள் செயலராக இருந்து, சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன். காலை ஐந்தரை மணிக்குப் பாலை அளந்து, லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்து, யார் எத்தனை லிட்டர், கொழுப்பு எத்தனை என்று பேரேட்டில் எழுதியே பழகிய கை. ஒரு வீட்டுப் பால் திடீரென்று இரண்டு லிட்டர் குறைந்தால், மாடு வற்றிவிட்டது என்று அன்றைக்கே எழுதிவிட மாட்டோம். கன்று ஈன்று எத்தனை மாதம், தீவனம் மாறியதா, நேற்று மழையில் நனைந்ததா, கன்று அவிழ்த்துக்கொண்டு குடித்துவிட்டதா என்று கேட்போம். இரண்டு வாரக் கணக்கைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் வாய் திறப்போம். குளத்துப் பறவைக் கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011ஆம் ஆண்டு முதல் ஜனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறிலிருந்து இயங்கும் இயற்கைப் பாதுகாப்பு மையத்தினர் ஒருங்கிணைக்க, கல்லூரி மாணவர்களும் தன்னார்வலர்களும் குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். 2013இல் எங்கள் குளத்துக்கு வந்த குழுவில் இருந்த ஒரு பெண், குடிக்கத் தண்ணீர் கேட்டுச் சங்கத்துக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, நீங்களும் வந்து பாருங்கள் என்று கரைக்குக் கூட்டிப்போய்த் தன் பைனாகுலரைக் கையில் கொடுத்தாள். அதுவரை எனக்குக் குளத்தில் இருப்பதெல்லாம் கொக்கும் தாராவும்தான். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தால், சாம்பலும் தவிட்டு நிறமுமான ஒரு சின்ன வாத்து. அதன் கண்ணுக்கு மேலே பிறை வைத்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு தொடங்கி, வளைந்து பிடரி வரை இறங்கியது. அவ்வளவு துல்லியமாக யாரோ தீட்டிவிட்டதுபோல் இருந்தது. நீலச்சிறகி என்றாள். பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் இதே ஊர். 48 வயது வரை அந்த வெள்ளைக் கோட்டை நான் பார்த்ததில்லை என்பது அன்று இரவு முழுவதும் மனதை உறுத்தியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, பால் வண்டியை அனுப்பிவிட்டுக் கரைக்குப் போய்விடுவேன். இடையில் தவறிய ஞாயிறுகள் உண்டு. மகள் பிரசவத்துக்காக ஒரு பருவமே முழுதாக விட்டுப்போனது. மற்றபடி பழைய சங்கப் பேரேடுகள் மூன்று நிரம்பியிருக்கின்றன. தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், எத்தனை அடி தண்ணீர், என்ன பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று கட்டம் போட்டு எழுதுவேன். மீன்பாசிக் குத்தகைக்காரர்கள் நீர்க்காகத்தை விரட்ட வெடி போட்ட நாளென்றால் அதையும் எழுதுவேன். தண்ணீரின் அளவை மடையில் பொறித்திருக்கும் அடிக்கணக்கில் பார்த்து முதல் கட்டத்திலேயே எழுதிவிடுவது என் வழக்கம். இந்தக் கடிதம் முழுவதும் அந்த முதல் கட்டத்தைப் பற்றியதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டம் பட்ட பாட்டை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது. எங்கள் குளத்தின் கரை நடுமடைக்குக் கிழக்கே உடைத்துக்கொண்டது. அன்று சேர்ந்த பாலை ஏற்ற வண்டி வரவில்லை. அண்டாவில் காய்ச்சி, பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்தோம். நட்டு மூன்று வாரம்கூட ஆகாத பிசானப் பருவத்து நெற்பயிர் மணலுக்குள் போயிற்று. ஆறு வீட்டு மாடுகள் போயின. அந்த ஆறு பேருடைய பக்கங்களும் பேரேட்டில் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன.

அடுத்த மாதம், 2024 ஜனவரியில் கணக்கெடுக்க வந்தார்கள். குளத்தில் தண்ணீர் ஒன்றரை அடி. கரை உடைந்து வடிந்துபோனதால் உள்வாய், அதாவது குளத்தின் உட்பரப்பு, முழுவதும் வழவழவென்று சேறு. அந்தச் சேற்றில் வந்து இறங்கியிருந்த கூட்டத்தை நான் என்றுமே மறக்க முடியாது. பவளக்கால் உள்ளான் மட்டும் 640. கருவால் மூக்கன் 210. பொறி உள்ளான், பச்சைக்காலி, பட்டாணி உப்புக்கொத்தி என்று சிறியவை எண்ணி மாளவில்லை. பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து எண்ணினோம். மூன்று முறை எண்ணினோம். என் நோட்டில் அதற்கு முன் ஒரு ஜனவரியிலும் அப்படியொரு எண்ணிக்கை கிடையாது.

உங்கள் செய்தி இந்த ஆண்டை எந்த ஆண்டோடு ஒப்பிட்டது என்று பாருங்கள். அந்த 2024ஆம் ஆண்டோடுதான். கரை உடைந்து, பயிர் அழிந்து, குளம் சேறாகக் கிடந்த ஆண்டின் கணக்கை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கரை கட்டி, மறுகால் பாய்ந்து, குளம் நிறைந்து நிற்கும் ஆண்டில் பறவை குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

2025 ஜனவரியில் எங்கள் குளத்தில் பதினொரு அடித் தண்ணீர். பவளக்கால் உள்ளானுக்குக் கால் ஒரு சாண் நீளம். நின்றுகொண்டு மேயும் பறவை அது. பதினொரு அடித் தண்ணீரில் எங்கே நிற்கும்? பொறி உள்ளானுக்குக் கணுக்கால் நனையும் சேறு வேண்டும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி அடியில் இருப்பதை மேய்பவை. கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றுக்குச் சோற்றுத் தட்டு. குளம் நிறைந்தால் கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் கொண்டாட்டம். அந்த ஜனவரியில் இவை இரண்டும் முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தன. செய்தியில் அது இடம்பெறவில்லை.

அப்படியானால் மற்றவை எங்கே போயின என்று பார்க்க வேண்டாமா? என்னோடு கணக்கெழுத வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அடுத்த வீட்டுப் பேத்தி, என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குக் கண் கூர்மை, எனக்கு எழுத்து வேகம். நான் கரையில் நின்று எழுத, அவள் எண்ணிச் சொல்வாள். ஜனவரி 26, விடுமுறை நாள், இரண்டு பேருமாக வயலுக்குள் இறங்கினோம். டிசம்பர் மழையால் நடவு தள்ளிப்போன வயல்களில் அப்போதுதான் நடவுக்காகத் தொளி கலக்கி, மண்ணைச் சேறாக்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு, வரப்போரமாக மஞ்சள் வாலாட்டி, தொளிக்குள் பொறி உள்ளான். நான்கு வயல்களில் மட்டும் பொறி உள்ளான் 94. அன்று மாலை கரையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்குச் சற்று முன்பு தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் போயிற்று, சேலையை வேகமாக உதறினால் வருமே அதுபோல. பின்னாலேயே இன்னொன்று. வாத்துக் கூட்டங்கள். பகலெல்லாம் வேறெங்கோ பெரிய தண்ணீரில் இளைப்பாறிவிட்டு இரவு மேய்ச்சலுக்கு வயலுக்குப் போகின்றன. இருட்டில் எண்ண முடியவில்லை. கூட்டம் ஏழு என்று மட்டும் எழுதி வைத்தேன்.

பிறகு தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பிப்ரவரி 9இல் எட்டு அடி. பிப்ரவரி 23இல் ஐந்தரை. மார்ச் 2இல் உள்வாய்ப் பக்கம் மேடு தலை காட்டியது. சென்ற ஞாயிறு, மார்ச் 9, மடையில் நான்கு அடி. அன்று காலை ஆறரை முதல் எட்டு வரை எண்ணியதில் பவளக்கால் உள்ளான் 415, நீலச்சிறகி 360, கருவால் மூக்கன் 85, ஊசிவால் வாத்து 48, தட்டைவாயன் 22. மேட்டின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்த பொறி உள்ளானை 150 வரை எண்ணினோம். ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக வந்து மொத்தத்தையும் கிளப்பிவிட்டதும் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மார்ச் மாதம் வலசைப் பறவைகள் வடக்கே திரும்புவதற்காக ஒன்றுசேரும் காலம். நாங்கள் எண்ணியவற்றில் இலங்கைப் பக்கமிருந்தோ ராமநாதபுரத்துக் கண்மாய்களிலிருந்தோ திரும்பும் வழியில் தங்கியவையும் இருக்கலாம். அதனால் மார்ச் கணக்கை ஜனவரிக் கணக்கோடு நேருக்கு நேர் வைத்து, பார்த்தீர்களா கூடிவிட்டது என்று நானும் சொல்லக் கூடாது. ஜனவரியில் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது முதல் பல நாடுகளிலும் ஜனவரியில்தான் எண்ணுகிறார்கள். பறவைகள் வந்து சேர்ந்து, அதிகம் இடம் மாறாமல் தங்கியிருக்கும் நேரம் அது. ஒரே சமயத்தில் எங்கும் எண்ணினால் ஒரே பறவையை இரண்டு இடத்தில் எண்ணும் தவறு குறையும். பல ஆண்டு, பல நூறு இடங்களின் கணக்கைச் சேர்த்து வைத்து, எந்த இனம் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பார்ப்பதற்கான வேலை அது. கணக்கெடுக்க வருகிற பிள்ளைகள் இதை அறிந்தவர்கள். நீர்மட்டத்தையும் இடையூறுகளையும் அவர்களும் படிவத்தில் எழுதுகிறார்கள். செய்தியாகும்போது அந்தக் கட்டம் உதிர்ந்து, மொத்த எண்ணிக்கை மட்டும் தலைப்புக்கு வந்துவிடுகிறது.

பறவைகள் குறையவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் பதிவு செய்த கணக்குகளைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்து, பல இனங்கள் சரிந்து வருவதைக் காட்டியது. வலசை வரும் உள்ளான்களும் வாத்துகளும் அந்தச் சரிவில் இருக்கின்றன. கருவால் மூக்கன் உலக அளவிலேயே அழிவின் விளிம்பை நெருங்கும் இனமாகப் பட்டியலில் உள்ளது. உண்மையான சரிவு இப்படிக் கண்முன்னே இருக்கும்போது, தண்ணீர் ஏறியதால் இடம் மாறிய பறவைகளையும் அதோடு போட்டுக் குழப்பினால், நாளை உண்மையாகவே வராமல் போகும் ஆண்டில் நம் பேச்சை யார் நம்புவார்கள்? அந்த முப்பதாயிரம் பேரில் பெரும்பாலோர் என்னைப்போல் சொந்த ஊர்க் குளத்தையும் தோட்டத்தையும் பார்த்து எழுதியவர்கள் என்று நினைக்கும்போது, எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும் என்றே தோன்றுகிறது.

செய்தியின் இன்னொரு பகுதிக்கு வருகிறேன். "சைபீரியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்காக வரும் கூழைக்கடா, செங்கால் நாரை" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் நாளிதழ் மட்டும் செய்யும் தவறு இல்லை. ஒவ்வொரு பனிக்காலத்திலும் எங்கேயாவது இது அச்சாகிறது. எங்கள் குளத்துக் கருவேல மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையும், வக்காவும், பாம்புத்தாராவும் இந்த மண்ணுக்கே உரியவை. மழையையும் மீனையும் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போய் வருமே தவிர, கடல் கடந்து பிள்ளை பெற வருபவை அல்ல. நம் குளங்களில் காணும் புள்ளிமூக்குக் கூழைக்கடா இந்தியா, இலங்கை, கம்போடியா என்று ஆசியாவின் இந்தப் பக்கத்தில் மட்டுமே கூடு கட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் கூழைக்கடா வேறு இனம். நாங்குநேரிக்கு அருகில் கூந்தன்குளத்துக்குப் போனால், வீட்டுக் கொல்லை வேம்பிலும் புளியிலும் நாரை கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். எச்சம் முற்றத்தில் விழுந்தாலும் அந்த ஊரார் முகம் சுளிப்பதில்லை. பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

உண்மையில் தொலைதூரத்திலிருந்து வருபவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. நீலச்சிறகியின் கூடு ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இருக்கிறது. கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து திபெத்திலும் மங்கோலியாவிலும் உள்ள ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி இங்கே வருகிறது. நம்மிடம் அவை கேட்பதெல்லாம் நான்கைந்து மாதத் தீனியும் தொந்தரவில்லாத தண்ணீரும்தான்.

2019 பிப்ரவரியில் மீன்பாசி வலை போடும் அண்ணாச்சி ஒருவர் துண்டில் எதையோ பொதிந்துகொண்டு சங்கத்துக்கு வந்தார். கரையில் காயப் போட்டிருந்த நைலான் வலையில் ஒரு பொறி உள்ளான் சிக்கியிருந்தது. அவர் வலையையே அறுத்து எடுத்து வந்திருந்தார். சிறகிடுக்கில் இரண்டு இழை இறுகிக் கிடந்தது. சங்கத்துக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கினேன். உள்ளங்கையில் அது உட்கார்ந்திருந்தபோது இருந்த கனத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியும், அளந்து பழகிய கையல்லவா. நூறு மில்லி அளவைக் குவளையில் பாதிக்குச் சற்று மேலே பால் ஊற்றினால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான். முதுகெல்லாம் எள்ளைத் தூவியதுபோல் வெண்புள்ளி. கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். உடம்பு முழுவதும் ஒரே துடிப்பாக இருந்தது. இதே இனம் வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் சதுப்புக் காடுகளில் முட்டையிடுகிறது என்று அதற்குப் பிறகு படித்தேன். மடைத் திண்டில் வைத்து விரலை எடுத்ததும் ஓசையில்லாமல் சற்று நேரம் நின்றது. பிறகு மூன்று முறை கூவிக்கொண்டு தாழப் பறந்து உள்வாய்க்குப் போய்விட்டது. அண்ணாச்சி அன்று முதல் வலையைக் கரையில் விரித்துக் காயப் போடுவதில்லை. சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்.

இந்தத் திருத்தங்களை நான் அச்சுப் பிழைக்காகச் சொல்லவில்லை. உங்கள் செய்தி வந்த பத்தாம் நாள் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏப்ரலில் ஏலம் விட்டு வெட்டுவது பற்றிப் பேச்சு. ஏலப் பணத்தில் தெருவுக்குச் சாக்கடை கட்ட வேண்டும், அதுவும் தேவைதான். பறவைகள் கூடு கட்டுகிற மரங்கள் என்று நான் எழுந்து சொன்னதும், ஒருவர் உங்கள் செய்தியை வெட்டி எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். வெளிநாட்டுப் பறவைதானே, மார்ச்சில் போய்விடும், அதுவும் இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறது என்றார். அவர் கெட்டவர் அல்ல. படித்ததை நம்பினார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் மூன்றாவது பேரேட்டை எடுத்து வந்தேன். சென்ற ஆண்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வடக்கு மடை நேரே நிற்கும் 34 மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைக் கூடு 61. பிப்ரவரி 18இல் முதல் குஞ்சுச் சத்தம். ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், குஞ்சுகள் கூட்டில் எழுந்து நின்று சிறகடிக்கின்றன. கடைசிக் கூடு காலியானது மே 19. ஏப்ரலில் கோடாலி வைத்தால் அறுபது கூட்டுக் குஞ்சும் தண்ணீரில் விழும். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. பேரேடு கைமாறிக் கைமாறிப் போயிற்று. சங்கத்தில் பால் ஊற்றுகிற ஒரு பெண்தான், இது நம் செயலர் எழுத்து, ஒரு மில்லி கூடக் குறைய எழுத மாட்டார்கள் என்றாள். ஏலத்தை ஜூன் மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த 34 மரங்களை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தீர்மானத்தில் எழுதும்வரை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

ஊரார் நினைத்தால் எதுவும் நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798இலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் மக்கள் காத்த பறவை மரங்கள், 2005இல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. அங்கெல்லாம் கையில் எழுத்து இருந்தது. எங்கள் குளத்துக்கும் அப்படி ஓர் எழுத்து வேண்டும் என்றுதான் இந்த நோட்டை வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. குளங்களின் பறவைக் கணக்கைச் செய்தியாக்கும்போது அன்றைய நீர்மட்டத்தை ஒரு வரியாவது சேருங்கள். ஓராண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட்டால், அந்த இரண்டு ஆண்டும் மழை எப்படி, கரை எப்படி என்று கேட்டு எழுதுங்கள். கூடு கட்டுபவை எவை, பனிக்காலம் கழிக்க வருபவை எவை என்று பிரித்துக் காட்டுங்கள். பெயர்களைத் தமிழில் போடுங்கள். நெற்றியில் வெள்ளை நாமம் இருப்பதால் நாமக்கோழி, நத்தையைக் குத்தித் தின்பதால் நத்தை குத்தி நாரை, விரால் மீனைப் பாய்ந்து தூக்குவதால் விராலடிப்பான். பெயரைப் படித்ததுமே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பறவையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டால் யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை.

இன்னொன்றும் செய்யலாம். வாரம் ஒருநாள் அணைகளின் நீர்மட்டம் போடுகிற இடத்துக்குக் கீழே, அக்டோபர் முதல் மார்ச் வரை, ஊர்க் குளங்களிலிருந்து வருகிற பறவைக் குறிப்புகளுக்கு நான்கு அங்குலம் ஒதுக்குங்கள். பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் எழுதி அனுப்ப ஆள் இருக்கிறார்கள். பைனாகுலர் கூட வேண்டியதில்லை, பவளக்கால் உள்ளானின் சிவப்புக் கால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரு நோட்டு, ஒரு பேனா, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்க ஓர் இடம், இவ்வளவு போதும். தெரியாத பறவையைத் தெரியாதது என்றே எழுத வேண்டும், ஊகித்துப் பெயர் போடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் எங்கள் ஊர்ப் பெயரையும் என் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டமாக வாத்து இறங்கும் இடம் எது என்று தெரிந்தால் கண்ணி வைக்க வருபவர்கள் உண்டு. சென்ற பருவத்தில் மட்டும் கோரைக்குள்ளிருந்து ஒன்பது கண்ணிகளை அவிழ்த்து எடுத்தோம். மூன்று பேரேடுகளின் நகலையும் உங்கள் மாவட்ட நிருபருக்குத் தர ஆயத்தமாக இருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் வந்தால் கரைக்கே கூட்டிப்போகிறேன்.

நான் கேட்கும் நான்கு அங்குலத்தில் என்ன வரும் என்பதற்கு மாதிரியாக, இன்றைய பக்கத்தை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன். இன்று ஞாயிறு இல்லை, ஆனாலும் தூக்கம் பிடிக்காமல் போய்விட்டேன்.

2025 மார்ச் 12, புதன். காலை 6.20 முதல் 7.10 வரை. வாடைக் காற்று இல்லை, லேசான மூட்டம். நடுமடையில் தண்ணீர் மூன்றே முக்கால் அடி. நீலச்சிறகி 290, ஞாயிற்றுக்கிழமையைவிட 70 குறைவு, புறப்படத் தொடங்கிவிட்டன போலிருக்கிறது. பவளக்கால் உள்ளான் 402. கருவால் மூக்கன் 85, ஒன்றுகூடக் குறையவில்லை, இரண்டின் கழுத்தில் செம்பழுப்பு ஏறியிருக்கிறது. வடக்கு மடை மரங்களில் நாரைக் கூடு 57, குஞ்சுச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. தெரியாத சிறிய உள்ளான் 3. வெடி இல்லை. கண்ணி இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் பால் சங்கச் செயலர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.